பழைய புல்லட்டுக்குப் புது வயரிங்: ஒரு லூமைப் பிரிச்சுக் கட்டுறது எப்படி?

இந்த எபிசோட்ல கோட் இல்ல, ஏஐ இல்ல, வேலை மாறலாமா வேண்டாமாங்கிற புலம்பலும் இல்ல. ஒரு பழைய பைக்கோட நரம்பு மண்டலத்தைப் பத்தி மட்டும் பேசப் போறோம்.

உங்க வீட்லயோ, தாத்தா வீட்லயோ ஒரு பழைய வண்டி நிக்குதா? ஹாரன் அடிச்சா இண்டிகேட்டர் நின்னுடுதா? ஐடிலிங்ல ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி ஆயிடுதா? மழை பெஞ்ச மறுநாள் உதைச்சு உதைச்சு கால் வலிக்குதா? நம்ம ஆளுங்க முதல்ல சொல்றது, "பேட்டரி போச்சு." புது பேட்டரி போடுவோம். ரெண்டு மாசத்துல திரும்பவும் அதே கதை. பெரும்பாலும் அங்க சாகுறது பேட்டரி இல்ல, வயரிங்.

இது வெறும் தொல்லை மட்டும் இல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. ரெண்டு காரணம் சொல்றேன். ஒன்னு, தெரு விளக்கு இல்லாத ரோட்ல, எதிர்ல லாரி வரும்போது ஹெட்லைட் அணைஞ்சா என்ன ஆகும்னு நான் விவரிக்க வேண்டியதில்ல. ரெண்டாவது, பைக்கோட முக்கியமான வயர்க்கட்டு ஓடுறது எங்க தெரியுமா? பெட்ரோல் டேங்குக்குக் கீழ. தோல் உரிஞ்ச வயர், ஃப்யூஸ் இல்லாத சர்க்யூட், மேல பெட்ரோல். இந்த மூணும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது.

இந்த எபிசோடுக்கு நான் உதாரணமா எடுத்துக்கிறது பெரிய காஞ்சிபுரத்துல, பிள்ளையார்பாளையத்துல இருக்கிற எங்க பெரியப்பாவோட புல்லட் 350. அவர் நெசவாளர். 1990கள்ல வாங்கின வண்டி, 12 வோல்ட், பாயிண்ட் செட் இக்னிஷன். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். ஹெட்லைட், பிரேக் லைட், ஹாரன் எல்லாம் வேலை செய்யணும். தேதி நெருங்கிடுச்சு. பெரியம்மா "காயலாங்கடைக்குப் போடுங்க"ன்னு சொல்லியாச்சு. பெரியப்பா ஒன்னும் பேசல, என்னைப் பார்த்தார். அப்படித்தான் மூணு வார இறுதி அந்தத் திண்ணையில போச்சு.

புல்லட்டுக்கும் நமக்கும் என்ன உறவு?

சுருக்கமா வரலாறு. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்ல பிறந்த கம்பெனி. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டா "என்ஃபீல்டு இந்தியா" உருவாச்சு. திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்துச்சு. இங்கிலாந்துல அந்தக் கம்பெனி 1970கள் ஆரம்பத்துலயே மூடிக் கிடக்க, நம்ம திருவொற்றியூர்ல மட்டும் புல்லட் ஓயாம வந்துக்கிட்டே இருந்துச்சு. 2013ல ஒரகடத்துல புதுத் தொழிற்சாலை திறந்தாங்க. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அதாவது, பெரியப்பா வண்டி பிறந்ததும் தமிழ்நாடு, அதோட பேரப்பிள்ளைங்க பிறக்கிறது நம்ம மாவட்டம்.

இந்த வண்டியில கம்பெனி போட்ட வயரிங் முப்பது வருஷத்துக்கிட்ட உழைச்சிருக்கு. அதுல குறை சொல்ல ஒன்னும் இல்ல. வெயில், மழை, எண்ணெய், அதிர்வு, அதுக்கு மேல வழியில யார் யாரோ அவசரத்துக்குப் போட்ட ஒட்டு, இதெல்லாம் சேர்ந்து பண்ணின வேலை.

லூம்னா தறிதானே?

பைக்ல எல்லா வயரையும் ஒன்னாச் சேர்த்து டேப் சுத்தி வச்சிருப்பாங்க இல்லையா, அதை நாம "வயரிங் ஹார்னஸ்"னு சொல்றோம். பிரிட்டிஷ்காரங்க "வயரிங் லூம்"னு சொல்வாங்க. லூம்னா தறி! பெரியப்பாகிட்ட இதைச் சொன்னதும் அவருக்கு முழு விஷயமும் பாதி புரிஞ்சுடுச்சு.

பட்டுத் தறியில ஒரு பாவு முடிஞ்சதும் புதுப் பாவை எப்படி ஏத்துவாங்கன்னு பார்த்திருக்கீங்களா? பழைய பாவோட நுனியை அப்படியே விட்டுட்டு, புதுப் பாவோட இழையை அதோட ஒன்னொன்னா முறுக்கிப் பிணைப்பாங்க. ஆயிரக்கணக்கான இழை. எந்த இழை எந்த இழையோடங்கிற ஒழுங்கு மாறக் கூடாது. மாறினா டிசைனே போச்சு. வயரிங் மாத்துறதும் இதே வேலைதான். என்ன, இங்க இழை முப்பது நாப்பதுதான். ஆனா தப்பாப் பிணைச்சா புடவை கெடாது, புகை வரும்.

வண்டிக்குள்ள கரண்ட் எப்படிப் போகுது?

எந்தப் பழைய வண்டியா இருந்தாலும் நாலு பாகமாப் பிரிச்சுப் பாருங்க.

முதல்ல, உற்பத்தி. புல்லட்ல இடது பக்கம் பிரைமரி கேஸுக்குள்ள ஆல்டர்னேட்டர் இருக்கு. கிராங்க்கோட சேர்ந்து சுத்துற காந்தம் ரோட்டர். அதைச் சுத்தி அசையாம நிக்கிற செம்புச் சுருள் ஸ்டேட்டர். இதுலேர்ந்து வர்றது ஏசி கரண்ட்.

ரெண்டாவது, மாத்துறதும் அடக்குறதும். பேட்டரிக்கு டிசிதான் வேணும். ரெக்டிஃபையர் ஏசியை டிசியா மாத்தும். இன்ஜின் வேகமாச் சுத்தினா வோல்டேஜ் ஏறும், அதை ரெகுலேட்டர் அடக்கும். மிச்சமாகிற கரண்டை அது சூடாத்தான் வெளிய விடும். அதனாலதான் ரெகுலேட்டரோட உடம்பு இரும்போட நல்லா ஒட்டி, காத்து படுற இடத்துல இருக்கணும். சீட்டுக்கு அடியில துணி சுத்தி ஒளிச்சு வைக்கக் கூடாது.

மூணாவது, சேமிப்பு. பேட்டரி.

நாலாவது, செலவு. இக்னிஷன் காயில், ஹெட்லைட், டெய்ல் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன்.

இதுல புல்லட்டுக்குன்னு ஒரு அழகான விஷயம், ஆம்ப் மீட்டர். ஹெட்லைட் மூடிக்கு மேல இருக்கிற அந்தச் சின்ன வட்டம். சாவியைத் திருப்பினா முள் கொஞ்சம் இடது பக்கம் சாயும். பாயிண்ட் மூடியிருக்கு, காயில் கரண்ட் குடிக்குதுன்னு அர்த்தம். டிகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு கிக்கை மெதுவா அழுத்தினா ஒரு இடத்துல முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துடுச்சு, பிஸ்டன் கம்ப்ரஷனைத் தாண்டிடுச்சு. இப்போ லீவரை விட்டு உதைச்சா ஸ்டார்ட். ஸ்டார்ட் பண்றதுக்கு மீட்டரைப் பார்க்கிற வண்டி வேற எது சொல்லுங்க!

ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. இந்த அமைப்புல பேட்டரிக்குப் போற, பேட்டரியிலேர்ந்து வர்ற கரண்ட் கிட்டத்தட்ட எல்லாமே அந்த மீட்டர் வழியாத்தான் போகும். பின்னாடி இருக்கிற ஒரு நட்டு லூஸானா மொத்த வண்டியும் செத்துடும். "திடீர்னு எல்லாமே ஆஃப் ஆயிடுச்சு"ன்னா முதல்ல கை வைக்க வேண்டிய இடங்கள்ல இது ஒன்னு.

கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க

பன்னெண்டாவது பிசிக்ஸ்ல படிச்ச ரெண்டே சூத்திரம் போதும். வோல்ட் = ஆம்ப் × ஓம். வாட் = வோல்ட் × ஆம்ப்.

60 வாட் ஹெட்லைட், 12 வோல்ட். அப்போ 5 ஆம்ப். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.017 ஓம். ரெண்டு மீட்டர் ஓடினாலும் இழப்பு 0.17 வோல்ட்தான். கண்ணுக்கே தெரியாது. அப்போ நல்ல செம்பு வயர்ல பிரச்சினை இல்ல.

பிரச்சினை எங்கன்னா, மூட்டுல. பச்சைக் களிம்பு பிடிச்ச ஒரு கனெக்டர், தேஞ்ச சுவிட்ச் காண்டாக்ட், துரு ஏறின எர்த். இப்படி ஒரு இடத்துல 0.24 ஓம் சேர்ந்துச்சுன்னு வச்சுக்கோங்க. 5 ஆம்ப்புக்கு 1.2 வோல்ட் அங்கேயே போயிடும். 12ல 10 சதவீதம். ஆனா இழை பல்புல வெளிச்சம் 10 சதவீதம் குறையாது, ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். வோல்டேஜ் 20 சதவீதம் குறைஞ்சா பாதிக்கு மேல வெளிச்சம் காணாமப் போயிடும். "பல்பு சரியில்ல"ன்னு நாம 100 வாட் பல்பு வாங்கிப் போடுறது இங்கதான். கரண்ட் இன்னும் கூடும், மூட்டு இன்னும் சூடாகும்.

அந்த 1.2 வோல்ட் எங்க போச்சு? சூடாச்சு. 1.2 × 5 = 6 வாட். ஒரு சின்ன பிளாஸ்டிக் கனெக்டருக்குள்ள விடாம 6 வாட் சூடு. பழைய வண்டியில கனெக்டர் உருகி, பழுப்பேறி இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

6 வோல்ட் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதே வாட்டுக்கு உங்களுக்கு ரெண்டு மடங்கு ஆம்ப். அதே மூட்டு ரெண்டு மடங்கு வோல்டேஜை விழுங்கும், அதுவும் பாதி வோல்டேஜ்லேர்ந்து. விகிதமாப் பார்த்தா நாலு மடங்கு இழப்பு. அதனால உங்க வண்டியில மூட்டு சுத்தமா இருக்கிறது இன்னும் முக்கியம்.

எர்த்: யாரும் கண்டுக்காத பாதி சர்க்யூட்

கரண்ட் போனா மட்டும் போதாது, திரும்பி வரணும். பைக்ல திரும்பி வர்ற வழி பெரும்பாலும் வண்டியோட இரும்பு உடம்புதான். நாம என்ன பண்றோம்? ஃப்ரேமுக்கு அழகா பெயிண்ட் அடிக்கிறோம், பவுடர் கோட்டிங் கொடுக்கிறோம். அது கரண்டைக் கடத்தாது. ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் வயர் இல்லன்னா, கரண்ட் ஹேண்டில்பார் கழுத்துல இருக்கிற கிரீஸ் தடவின பேரிங் வழியா திரும்பணும். மேடு பள்ளத்துல ஹெட்லைட் சிமிட்டுறது இதனாலயும் இருக்கலாம்.

பெரியப்பா வண்டியில ஒரு வினோதம் இருந்துச்சு. லைட் சுவிட்ச் ஆஃப். பின் பிரேக்கை மிதிச்சா பிரேக் லைட் எரியல. ஆனா முன்னாடி ஹெட்லைட்டுக்கு மேல இருக்கிற ரெண்டு பைலட் லாம்ப்பும் மின்மினி மாதிரி லேசா எரியுது! தெருவுல இருந்த பசங்க "பேய் வண்டி"ன்னே பேர் வச்சுட்டாங்க.

பேய் இல்ல, எர்த். பின் விளக்கு பல்புல ரெண்டு இழை. ஒன்னு பிரேக், ஒன்னு டெய்ல். ரெண்டுக்கும் எர்த் பொது. அந்தப் பொது எர்த் துருப்பிடிச்சு விட்டுப்போச்சு. பிரேக் இழை வழியா வந்த கரண்ட் நேரா வெளிய போக முடியாம, டெய்ல் இழை வழியாத் திரும்பி, டெய்ல் வயர்ல பின்னோக்கி ஓடி, அதே வயரோட இணைஞ்ச பைலட் லாம்ப் வழியா முன்பக்கம் எர்த் ஆகுது. நாலு விளக்கு வழியா சுத்தினதுல யாருக்கும் போதுமான வோல்டேஜ் கிடைக்கல. ஒரு வயரை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தா இந்த மாதிரி பிரச்சினை புரியவே புரியாது. முழு வட்டத்தையும் பேப்பர்ல வரைஞ்சா ரெண்டு நிமிஷம்.

ஒட்டுப் போடலாமா, முழுசா மாத்தலாமா?

நம்ம தொழில்ல இந்தக் கேள்வி தினமும் வரும். பழைய கோட் பேஸை ரீஃபேக்டர் பண்ணலாமா, ரீரைட் பண்ணலாமா? ரீரைட் பண்றேன்னு இறங்கினவங்க பாதியில மாட்டிக்கிறது நமக்குத் தெரியும். இங்கயும் அதே எச்சரிக்கை.

ஒன்னு ரெண்டு கோளாறுதான், வயரோட தோல் இன்னும் மெதுவா வளையுதுன்னா, மூட்டுகளைச் சுத்தம் பண்ணி, எர்த் புதுசாப் போட்டாலே போதும். ஆனா கீழ சொல்றதுல ரெண்டு மூணு இருந்தா முழுசா மாத்துங்க: வளைச்சா தோல் வெடிக்குது. அரை அடி வெட்டிப் பார்த்தா உள்ள செம்பு கறுத்தோ பச்சையாவோ இருக்கு. வழி நெடுக டேப் ஒட்டு. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்துல ஒரு செம்புக் கம்பியோ, சிகரெட் பாக்கெட் ஃபாயிலோ இருக்கு. கடைசியாச் சொன்னது இருந்தா, யோசிக்கவே வேண்டாம்.

பெரியப்பா வண்டியில நாலும் இருந்துச்சு.

முழுசா மாத்துறதுலயும் ரெண்டு வழி. உங்க மாடலுக்கு ரெடிமேட் ஹார்னஸ் கிடைச்சா அதை வாங்கி மாட்டலாம். சென்னையில ஜிபி ரோடு, புதுப்பேட்டை பக்கம் விசாரிச்சாத் தெரியும். ஆனா மாடல், வருஷம், பாயிண்ட் செட்டா எலக்ட்ரானிக் இக்னிஷனா, எல்லாம் பொருந்தணும். இல்லன்னா நாமே கட்டலாம். நாங்க கட்டினோம்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி

கட்டரைக் கையில எடுக்காதீங்க. முதல்ல ஃபோட்டோ. ஒவ்வொரு மூட்டையும் ரெண்டு கோணத்துல. அப்புறம் ஒவ்வொரு வயர் நுனிக்கும் பேப்பர் டேப்ல பேர். "ஹாரன் – சுவிட்ச் பக்கம்", "காயில் – ப்ளஸ்", இப்படி. வயர் கலரை மட்டும் நம்பாதீங்க. கம்பெனியில பச்சையா கிளம்பினது வழியில ஒரு ஒட்டுக்கு அப்புறம் சிவப்பா மாறியிருக்கும்.

அடுத்து, பேட்டரியைக் கழட்டும்போது முதல்ல மைனஸ். ஏன்? ப்ளஸைக் கழட்டும்போது ஸ்பானர் ஃப்ரேம்ல பட்டாலும், மைனஸ் ஏற்கனவே விலகி இருந்தா வட்டம் முழுமையாகாது, தீப்பொறி வராது. மாட்டும்போது மைனஸ் கடைசி. இது மைனஸ் எர்த் வண்டிக்கு. ரொம்பப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல ப்ளஸ்தான் எர்த்தா இருக்கும், அங்க முறை தலைகீழ். பெட்ரோல் டேங்கைக் கழட்டி, வேற அறையில வைங்க. சால்டரிங் அயர்னும் பெட்ரோலும் ஒரே கூரைக்குக் கீழ வேண்டாம்.

பழைய லூமை ஒரே துண்டா வெளிய எடுத்து, ஒரு பலகை மேல பரப்பி, கிளை பிரியுற இடத்துல எல்லாம் ஆணி அடிச்சு வச்சுக்கோங்க. அதுதான் உங்க டெம்ப்ளேட். தொழிற்சாலையிலயும் ஹார்னஸை இப்படி ஒரு பலகை மேலதான் கட்டுவாங்க.

வயர், லக், ஃப்யூஸ்

வயர்: வண்டிக்குன்னே விக்கிற பல இழைச் செம்பு வயர். வீட்டு வயர் வேண்டாம். அதோட தோல் எண்ணெய்க்கும் இன்ஜின் சூட்டுக்கும் உண்டானது இல்ல. விளக்குக்கும் ஹாரனுக்கும் 1 சதுர மி.மீ., பேட்டரியிலேர்ந்து வர்ற மெயினுக்கும் எர்த்துக்கும் 2.5, சின்ன இண்டிகேட்டர் லாம்ப்புக்கு 0.5 போதும்.

மூட்டு: "சால்டர் பண்ணிட்டா ஸ்ட்ராங்"னு தோணும். ஆனா ஈயம் இழைகளுக்குள்ள ஏறி வயரைக் குச்சியாக்கிடும். குச்சி முடிஞ்சு வயர் ஆரம்பிக்கிற இடத்துல, புல்லட்டோட ஒத்தை சிலிண்டர் அதிர்வுல, ஒவ்வொரு இழையா அறுந்துக்கிட்டே வரும். நல்ல கிரிம்ப்பிங் டூல் வாங்கி, லக் போட்டு அழுத்தி, மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுறதுதான் சரி. கட்டிங் பிளேயர்ல நசுக்கிறது கிரிம்ப் இல்ல. கிரிம்ப் பண்ணினதும் ஒரு இழு இழுத்துப் பாருங்க. வந்துடுச்சுன்னா இப்போ வர்றது நல்லது, ரோட்ல வர வேண்டாம்.

எர்த்: ஹெட்லைட்லேர்ந்து ஒன்னு, பின் விளக்குலேர்ந்து ஒன்னு, இன்ஜின்லேர்ந்து ஒன்னு, ரெகுலேட்டர்லேர்ந்து ஒன்னு. எல்லாம் பேட்டரி மைனஸுக்கே தனித்தனி வயரா வரட்டும். இந்த ஒரு வேலை மட்டுமே பாதிப் பழைய வண்டிகளைக் குணப்படுத்திடும்.

கழுத்து: ஹேண்டில்பார் திரும்புற இடத்துல வயருக்குத் தாராளமா நீளம் விடுங்க. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பிப் பாருங்க. எங்கயும் இழுபடக் கூடாது, நசுங்கக் கூடாது.

ஃப்யூஸ்: இதுல ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஃப்யூஸ் பல்பைக் காப்பாத்த இல்ல, வயரைக் காப்பாத்த. அதனால வயர் தாங்குற அளவுக்குள்ள, லோடுக்குக் கொஞ்சம் மேல. பழைய வண்டிகள் பலதுல ஒரே ஒரு ஃப்யூஸ்தான். ஹாரன் ஷார்ட் ஆனாலும் இன்ஜின் வரைக்கும் நின்னுடும். நாங்க பேட்டரி பக்கத்துலயே 15 ஆம்ப் மெயின், அதுக்கு அப்புறம் இக்னிஷனுக்கு ஒன்னு, விளக்குக்கு ஒன்னு, ஹாரன் – இண்டிகேட்டர் – பிரேக்குக்கு ஒன்னு, ஒவ்வொன்னும் 10 ஆம்ப்னு பிரிச்சோம். ஒரு சர்வீஸ் விழுந்தா மொத்த சிஸ்டமும் விழக் கூடாது. நமக்குத் தெரிஞ்ச பாடம்தானே.

எல்இடி வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

பழைய வண்டிகள் பலதுல ஹெட்லைட் பேட்டரியிலேர்ந்து எரியாது, நேரா ஆல்டர்னேட்டரோட ஏசியில எரியும். இன்ஜின் ஓடாம சாவி மட்டும் போட்டு ஹெட்லைட் எரியலன்னா உங்களுது அந்த வகையா இருக்கலாம். மல்டிமீட்டரை ஏசியில வச்சு, இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் கனெக்டர்ல பார்த்தா உறுதியாயிடும்.

இது ஏன் முக்கியம்? டிசிக்குன்னு செஞ்ச எல்இடி பல்பை ஏசியில மாட்டினா சிமிட்டும், சீக்கிரம் செத்தும் போகும்.

டிசி ஹெட்லைட்டா இருந்தா ஒரு ரிலே போடுங்க. சின்ன டப்பா, நாலு கால்: 30, 85, 86, 87. பேட்டரியிலேர்ந்து ஃப்யூஸ் வழியா 30க்கு, 87லேர்ந்து விளக்குக்கு, 86க்கு உங்க சுவிட்ச் வயர், 85 எர்த். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலே. இப்போ ஹேண்டில்பார் சுவிட்ச் வழியா 5 ஆம்ப் போகாது, ரிலே காயிலுக்கான 0.15 ஆம்ப்தான் போகும். முப்பது வருஷச் சுவிட்ச்சுக்கு ஓய்வு.

ஆனா எதை மாட்டுறதா இருந்தாலும் வரவு செலவு பாருங்க. பழைய ஆல்டர்னேட்டரோட வரவு சின்னது. ஹெட்லைட் 60, டெய்ல் 5, பிரேக் 21, ரெண்டு இண்டிகேட்டர் 20, பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் 3, 4 ஆம்ப். இதுக்கே நூறு வாட் தாண்டிடுச்சு. இதுக்கு மேல ஃபோன் சார்ஜர், ஃபாக் லாம்ப்னு போனா கடன்ல ஓடுற குடும்பம் மாதிரிதான். பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக் காலியாகும்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கிறது

எல்லாம் மாட்டியாச்சு. இப்போ பேட்டரியை நேரா இணைக்காதீங்க. மெயின் ஃப்யூஸைக் கழட்டிட்டு, அந்த இடத்துல ரெண்டு வயரோட ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பைச் சேருங்க. சாவி, சுவிட்ச் எல்லாம் ஆஃப். பல்பு எரியலன்னா நல்லது. முழு வெளிச்சத்துல எரிஞ்சா எங்கயோ ஷார்ட். ஆனா பல்பு நடுவுல இருக்கிறதால ரெண்டு ஆம்ப்புக்கு மேல போக முடியாது. புகை இல்ல, தீ இல்ல. நிதானமா ஒவ்வொரு கிளையாக் கழட்டிக் கண்டுபிடிக்கலாம்.

அப்புறம் ஒவ்வொரு சர்க்யூட்டா ஆன் பண்ணுங்க. டெய்ல் லைட் போட்டா நடுவுல இருக்கிற பல்பு மங்கலா எரியும், அது சரி. எல்லாம் தேறின பிறகு ஃப்யூஸ்.

இங்க மல்டிமீட்டர் பத்தி ஒரு விஷயம். "பீப்" சத்தம் வந்தா வயர் நல்லா இருக்குன்னு நினைக்கிறோம். மீட்டர் அனுப்புறது ரொம்பச் சின்ன கரண்ட். இருபது இழையில ஒன்னே ஒன்னு மிச்சம் இருந்தாலும் பீப் வரும். ஆனா 5 ஆம்ப் கேட்டா அந்த ஒத்தை இழையில போகாது. யூனிட் டெஸ்ட் பாஸ், புரொடக்ஷன்ல ஃபெயில். அதனால விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது அளங்க. டிசி சர்க்யூட்ல, ஒரு முனை பேட்டரி மைனஸ், இன்னொன்னு பல்பு ஹோல்டரோட எர்த். 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லது. பேட்டரி ப்ளஸுக்கும் பல்போட ப்ளஸுக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்குள்ள இருக்கட்டும்.

கடைசியா சார்ஜிங். 12 வோல்ட் பேட்டரி முழுசா சார்ஜாகி ஓய்வுல இருந்தா 12.6க்குக் கிட்ட. இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி ஓடவிட்டா 13.8லேர்ந்து 14.4க்குள்ள வரணும். 13ஐத் தாண்டலன்னா சார்ஜ் ஆகல. 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் அடக்கல, பேட்டரி கொதிக்கும், பல்பு போகும். வண்டி சும்மா நிக்கும்போதே பேட்டரி காலியாகுதுன்னா, மைனஸ் வயரைக் கழட்டி நடுவுல மல்டிமீட்டரை மில்லி ஆம்ப்ல வச்சுப் பாருங்க. ஆஃப்ல இருக்கிற வண்டி குடிக்கக் கூடாது.

"இதையெல்லாம் நாமளே பண்ணணுமா ப்ரோ?"

கேள்வி நியாயம்தான். நேரமோ பொறுமையோ இல்லன்னா நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுங்க. பல்பு எரியுதா எரியலையாங்கிறதை வச்சே கோளாறு இருக்கிற இடத்தைச் சொல்ற ஆளுங்க நம்ம ஊர்ல இருக்காங்க. ஆனா இந்த எபிசோட் கேட்ட பிறகு நீங்க மூணு கேள்வி கேட்க முடியும்: எத்தனை ஃப்யூஸ் அண்ணே? எர்த் தனி வயரா? லக் கிரிம்ப் பண்றீங்களா, முறுக்கி டேப் சுத்துறீங்களா? இந்த மூணுக்கும் பதில் சரியா வந்தா வண்டியை நம்பி விட்டுட்டு வரலாம். அப்புறம், வேலை முடிஞ்சதும் வயரிங் வரைபடம் ஒன்னு ஒரு தாள்ல போட்டு சீட்டுக்கு அடியில வைங்க. அடுத்து கை வைக்கிறவர் யாரா இருந்தாலும் உங்களை வாழ்த்துவார். டாக்குமென்டேஷன் எழுதாத நம்ம கூட்டத்துக்கு இது ஒரு பிராயச்சித்தம்.

பெரியப்பா வண்டி ஆர்டிஓ சோதனையில தேறிடுச்சு. இன்னும் அஞ்சு வருஷம். காயலாங்கடைப் பேச்சு வீட்ல இப்போதைக்கு எழுறதில்ல. பெரியம்மா மட்டும், "லைட்டு இப்போ ரொம்பக் கண்ணைக் கூசுது"ன்னு சொல்றாங்க.

இந்த வாரம் வேற எதுவும் பண்ணலன்னாலும் ஒன்னு பண்ணுங்க. உங்க வீட்டுப் பழைய வண்டியோட பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஃப்யூஸ் இருக்கிற இடத்துல உண்மையிலேயே ஃப்யூஸ்தான் இருக்கான்னு பாருங்க. கம்பி இருந்தா இன்னைக்கே மாத்துங்க. உங்க வண்டியில பேய் மாதிரி நடக்கிற கோளாறு எதுவா இருந்தாலும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. சேர்ந்து வட்டம் வரைஞ்சு பார்ப்போம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!